பலாலியும் தீவகமும்

யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களின் நடுவே உள்ளது பலாலி விமான நிலையம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்ட ஓடுபாதை அது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் புறப்பட்டு, இங்கே இறங்கி, பிறகே சென்னைக்குப் போனது. பின்னர் உள்நாட்டுப் போர் ஆண்டுகளில் பலாலி படைத்தளமாயிற்று. சுற்றியிருந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போக, சனம் இடம்பெயர்ந்தது. 1998 செப்டெம்பரில் இங்கிருந்து கிளம்பிய லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் இறந்தனர்.

2019 அக்டோபர் 17ஆம் திகதி அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னைச் சேவையைத் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை, 2022 டிசம்பரில்தான் மீண்டது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. 2025 மார்ச் முதல் திருச்சியிலிருந்தும் வருகிறது. வருவதெல்லாம் எழுபது, எண்பது பேர் ஏறும் ஏ.டி.ஆர். விமானங்கள். குறுகிய தூரத்துக்கு ஜெட்டைவிட எரிபொருள் குறைவாகக் குடிப்பவை. நீண்ட ஓடுபாதையும் கேட்காதவை. சென்னையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடப் பறந்தால் பலாலி.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவுகளான தீவகத்தின் மக்களுக்குப் பயணம் அங்கே முடிவதில்லை. புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, நயினாதீவு ஆட்கள் கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் பரந்திருக்கிறார்கள். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு வருபவர் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால், அதன்பின் ஒரு பகலோ இரவோ தரைவழியில் போய்விடும். சென்னை வழியாகப் பலாலிக்கு வந்தால் அந்த அலைச்சல் மிச்சம். ஆனால் பலாலியிலிருந்து யாழ்ப்பாணம், பண்ணைத் தாம்போதி, வேலணை, புங்குடுதீவு என்று போய்க் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைய வேண்டும். அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் கால் மணி நேரம்; நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

விமானத்தில் வந்தவர் குறிகட்டுவானில் காண்பது வேறு உலகம். காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, மரக்கறிக் கூடை, சில வேளை மோட்டார் சைக்கிளும் கைமாறிக் கைமாறிப் படகுக்குள் இறங்கும். கரையோடு கட்டிய படகைத் தாண்டித்தான் அடுத்த படகில் ஏற வேண்டிவரும். சேலை கட்டிய மூதாட்டிகளை இரண்டு பேர் கைபிடித்துத் தூக்கிவிடுவார்கள். கீழ்த்தட்டில் டீசல் மணம். மாரியில் காற்றுக் கிளம்பினால் படகே ஓடாது. நெடுந்தீவில் ஒருவருக்கு நோய் முற்றினால், கடற்படைப் படகே பல வேளைகளில் அம்புலன்ஸ்.

ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு இரண்டே நிமிட விமானச் சேவை ஓடுகிறது, தூரம் 2.7 கிலோமீற்றர். நெடுந்தீவுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. ஆனால் மட்டக்குதிரைகள் மேயும் அந்த வெளியில் ஓடுபாதை போடுவது வீண்செலவு. ஒரு மணி நேரக் கடலுக்கு நல்ல கப்பல் போதும்.

பெரிதாகக் கட்டுவதன் விளைவுக்குத் தெற்கிலுள்ள மத்தள விமான நிலையம் கண்முன்னே நிற்கிறது. 2013இல் 3,500 மீற்றர் ஓடுபாதையோடு திறந்த அந்த நிலையத்துக்கு விமானம் வருவதே அபூர்வம். பலாலி ஓடுபாதையை நீட்டுவதென்றால் காணி வேண்டும். அந்தக் காணி வலிகாமம் வடக்கு மக்களின் தோட்டம். திரும்பக் கேட்டு அவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருக்கும் நிலமும் அதற்குள் அடங்கும். வளர்ச்சியின் பெயரால் அதை இன்னொரு முறை எடுப்பதை நியாயப்படுத்த முடியாது. ஏ.டி.ஆருக்குப் போதிய ஓடுபாதை ஏற்கெனவே இருக்கிறது.

பலாலியின் மின்சாரத் தேவைக்கும் சிக்கனமான வழி உண்டு. கொச்சி விமான நிலையம் 2015 முதல் முற்றாகச் சூரிய ஒளியில் இயங்குகிறது. வெயில் பஞ்சமில்லாத பலாலியின் சிறு கட்டடங்களுக்கு அது கடினமல்ல. தீவுகளே இதில் முந்திக்கொண்டன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று, மின்கலம், அவசரத்துக்கு டீசல் என்று சேர்ந்த கலப்பு மின்திட்டத்துக்கு, இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. முதலில் சீன நிறுவனமொன்றுக்குப் போய், டெல்லியின் ஆட்சேபத்தால் கைமாறிய திட்டம் அது. சின்னத் தீவுகளின் விளக்கிலும் பெரிய நாடுகளின் கணக்கு இருக்கிறது.

பலாலிக்கு ஒதுக்கும் அடுத்த பணத்தில் ஒரு பங்கைக் குறிகட்டுவானில் செலவிட வேண்டும்: மாரியிலும் ஓடக்கூடிய கப்பல், முதியவர் தடுமாறாமல் ஏறும் இறங்குதுறை, விமான நேரத்தோடு ஒத்துப்போகும் பஸ், படகு நேரசூசி. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரிகளும் மாகாணப் போக்குவரத்துக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முதலில் அந்த நேரசூசியை எழுதட்டும்.