தெரிஞ்ச ரோட்டுக்கு எதுக்குங்க மேப்பு?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு சுமார் 64 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலையேறத் தொடங்கும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். எந்த வளைவில் எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்க இடம் உண்டு, மழைக்காலத்தில் எங்கே தண்ணீர் குறுக்கே பாயும், கவர்க்கல் பக்கம் எப்போது பனிமூட்டம் கண்ணை மறைக்கும்... எல்லாம் அந்தக் கடைக்காரருக்கு அத்துப்படி. வால்பாறையில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறார். சரக்கு எடுக்க வாரம் ஒருமுறை பொள்ளாச்சி, மாதம் இரண்டு முறை கோவை. 25 வருடங்களாக இதே பாதைதான்.

ஆனாலும் காரில் ஏறியதும் அவர் செய்யும் முதல் வேலை, செல்போனை ஸ்டாண்டில் மாட்டி மேப் போடுவது. ``ஏனுங்க, தெரிஞ்ச ரோட்டுக்கு எதுக்குங்க மேப்பு? பொறந்த வூட்டுக்குப் போறவ வழி கேட்டுட்டுப் போற மாதிரியல்ல இருக்குது?'' என்று அவர் மனைவி கேட்காத வாரம் கிடையாது. ``இருக்கட்டும் வுடு'' என்பதுதான் அவருடைய பதில்.

இது அவர் ஒருவரின் பழக்கம் மட்டுமல்ல. தினமும் ஒரே அலுவலகத்துக்கு, ஒரே பள்ளிக்கூடத்துக்கு, ஒரே மாமியார் வீட்டுக்குக் கார் ஓட்டுகிறவர்களில் பலரும் கிளம்பும்போது மேப்பைத் தட்டிவிடுகிறார்கள். வழி மறந்துவிட்டதா என்ன?

வழி அல்ல, நிலவரம்!

வழி தெரிந்தவருக்கு வழி தேவையில்லை. இன்றைக்கு அந்த வழி எப்படி இருக்கிறது என்பதுதான் தெரிய வேண்டும்.

கோவைக்குள் நுழைந்தால் இது புரியும். பொள்ளாச்சி சாலையில் கிணத்துக்கடவு, ஒத்தக்கால்மண்டபம், ஈச்சனாரி வரை கார் நன்றாகப் போகும். சுந்தராபுரம் வந்ததும் நகரம் தொடங்கிவிடும். உக்கடத்தில் மேம்பாலப் பணி நடந்த ஆண்டுகளில், நேற்றுத் திறந்திருந்த பாதை இன்று அடைத்திருக்கும். 2024 ஆகஸ்ட்டில் பாலம் திறக்கப்பட்டது. பழைய கணக்கெல்லாம் மாறிப்போனது. அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்ட உயர்மட்டப் பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டபோது, எந்த இடத்தில் ஏறி எங்கே இறங்குவது என்று உள்ளூர்க்காரர்களே தடுமாறினார்கள். பழகிய ஊரும் அவ்வப்போது புது ஊராகிவிடுகிறது.

மேப்பில் சிவப்பாகத் தெரியும் கோடுகள் எங்கிருந்து வருகின்றன? நமக்கு முன்னால் அதே சாலையில் போய்க்கொண்டிருப்பவர்களின் செல்போன்கள்தான் தகவல் தருகின்றன. பல போன்கள் ஒரே இடத்தில் ஊர்ந்தால், அங்கே நெரிசல் என்று செயலி கணக்குப் போடுகிறது. அந்தக் காலத்தில் எதிரே வரும் லாரி டிரைவரைக் கைகாட்டி நிறுத்தி, ``முன்னாடி ரோடு எப்படிங்கண்ணா?'' என்று கேட்பார்களே, அதையே ஒரே நேரத்தில் ஆயிரம் பேரிடம் கேட்பது போலத்தான்.

இன்னொரு காரணம், வீட்டில் காத்திருப்பவர்கள். `எப்ப வருவீங்க' என்ற கேள்விக்கு `வந்துட்டே இருக்கேன்' என்பதுதான் தமிழ்நாட்டின் பொதுவான பதில். அது பத்து நிமிடமாகவும் இருக்கலாம், இரண்டு மணி நேரமாகவும் இருக்கலாம். மேப் அந்தப் பதிலுக்கு ஓர் எண்ணைக் கொடுத்தது. கிளம்பும்போது இருப்பிடத்தைப் பகிர்ந்துவிட்டால், வீட்டில் இருப்பவர் போன் அடித்து ஓட்டுநரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. கேலி பேசும் கடைக்காரரின் மனைவியும், அடுப்பில் வேலையாக இருக்கும்போது போனில் அந்த நீலப் புள்ளியை எட்டிப் பார்ப்பது உண்டு.

டவர் போனாலும் புள்ளி நகரும்

`டவர் இல்லாவிட்டால் மேப் வேலை செய்யாது' என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை.

ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு நாளைக்கு இரண்டு முறை பூமியைச் சுற்றிவருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. `நான் இங்கே இருக்கிறேன், இப்போது இந்த நேரம்' என்று அவை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குரல் கேட்டால் போதும். அந்தச் செய்திகள் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து, தான் நிற்கும் இடத்தை நம் போன் கணக்கிட்டுவிடும். இதற்கு இன்டர்நெட் தேவையில்லை. நம் போன் அவற்றுக்கு எதையும் அனுப்புவதும் இல்லை, கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்க ராணுவத்துக்காக உருவான இந்த வசதியில், பொதுமக்களுக்குக் கிடைக்கும் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தார்கள். 2000 மே மாதத்தில் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகுதான் சாலையில் நம்பிப் பயன்படுத்தும் அளவுக்கு அது மாறியது. இந்தியாவும் சொந்தமாக ஓர் அமைப்பை உருவாக்கியது. அதன் முதல் செயற்கைக்கோளை இஸ்ரோ 2013 ஜூலையில் ஏவியது. 2016-ல் அதற்கு `நாவிக்' என்று பெயர் சூட்டப்பட்டது.

டவர் தேவைப்படுவது வேறு வேலைகளுக்கு. வரைபடத்தை இறக்க, நெரிசல் தகவலைப் பெற, நம் இருப்பிடத்தை வீட்டுக்கு அனுப்ப. நாம் இருக்கும் இடம் போனுக்குத் தெரிவது வேறு, அதை அது வீட்டுக்குச் சொல்வது வேறு. மலைப்பாதையில் டவர் போய்விட்டால், உங்கள் போனில் புள்ளி நகர்ந்துகொண்டிருக்கும். வீட்டில் இருப்பவரின் போனில் அது உறைந்து நிற்கும். வீட்டுக்காரர்களைப் பதறவைப்பது இதுதான்.

வளைவுகளில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். திறந்த வானத்தின் கீழ் போனின் ஜி.பி.எஸ் சில மீட்டர் துல்லியத்தில் இடம் சொல்லும். ஆனால், மலைச்சரிவு பாதி வானத்தை மறைத்து, மரங்களும் மூடிக்கொண்டால் தவறு கூடும். கொண்டை ஊசியில் கீழ்ச் சாலையும் மேல் சாலையும் வரைபடத்தில் ஒட்டினாற்போல் இருக்கும். எனவே, கீழே போய்க்கொண்டிருக்கும் கார், திரையில் திடீரென மேல் சாலைக்குத் தாவிவிடும். பழகியவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். புதியவர் அந்த நேரத்தில் திரையைப் பார்த்துக் குழம்பினால்தான் ஆபத்து.

2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில், செயலி காட்டிய குறுக்குவழியை நம்பிப் போன சுற்றுலாப் பயணிகளின் கார், படிக்கட்டில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. அங்கே கார் தப்பியது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப்பிரதேசம் பரேலி அருகே, பாதி நின்றிருந்த பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். வழிகாட்டும் செயலியைப் பின்பற்றிப் போனதாகச் செய்திகள் வந்தன. அவை பழகாத பாதையில் நடந்தவை. பழகிய பாதையில் வருகிற நஷ்டம் வேறு மாதிரியானது. அது சத்தமில்லாமல் வரும்.

அம்மணிக்குத் தெரிந்த பாதை

கடைக்காரரின் மகள் கோவையில் வேலை பார்க்கிறாள். கார் ஓட்டப் பழகியதே அங்கேதான். முதல் நாளிலிருந்தே திரையில் மேப். சனிக்கிழமைகளில் அப்பா கோவைக்குச் சரக்கெடுக்க வந்தால், ஊருக்குத் திரும்பும்போது அவள்தான் ஓட்டுவாள். நன்றாகவே ஓட்டுகிறாள். ஆனால், ஒருமுறை ஆழியாறைத் தாண்டி ஏறும்போது, ``இப்ப எத்தனாவது பெண்டு கண்ணு?'' என்று அப்பா கேட்டதற்கு அவளால் சொல்ல முடியவில்லை. வளைவுக்கு வளைவு எண் எழுதி வைத்திருக்கிறார்கள். அவள் பார்த்ததெல்லாம் திரையில் நகரும் அம்புக்குறியைத்தான்.

``பஸ்ல எத்தனை வாட்டி வந்திருப்பேன்... கவனிக்கலீங்ப்பா'' என்றாள்.

இதற்கு அறிவியல் காரணம் உண்டு. லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் உரிமம் பெற, நகரின் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். அவர்களின் மூளையை ஸ்கேன் செய்த ஆய்வு 2000-ம் ஆண்டில் வெளியானது. இடங்களை நினைவில் வைக்கும் `ஹிப்போகாம்பஸ்' பகுதியின் பின்பாகம் மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. 2017-ல் லண்டனில் வெளியான இன்னோர் ஆய்வு, வழியைத் தாமே யோசித்துப் போகிறவர்களின் ஹிப்போகாம்பஸ் சுறுசுறுப்பாக இயங்குவதையும், கருவி சொன்னபடி போகும்போது அந்தச் சுறுசுறுப்பு இல்லாததையும் காட்டியது. மூளைக்குள் இடத்தைக் குறித்துக்கொள்ளும் செல்களைக் கண்டறிந்தவர்களுக்கு 2014-ல் மருத்துவ நோபல் பரிசும் கிடைத்தது. ஆக, நம் எல்லோருக்குள்ளும் ஒரு மேப் இருக்கிறது. அது போட்டுப் பார்த்தால்தான் பதியும்.

மலைச்சாலையில் இது மனப்பாடப் போட்டி அல்ல. மேலே ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும், இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைக்க வேண்டும், வளைவுக்கு முன்னாலேயே மேலே கேட்கும் பஸ் ஹாரனுக்குக் காது கொடுக்க வேண்டும். `வலதுபுறம் திரும்பவும்' என்ற குரல் இதில் எதையும் சொல்லாது.

வானத்துக்குத் தெரியாத சேதி

ஒரு சனிக்கிழமை மாலை. மழை விட்டிருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குள் கார் வந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. `வீட்டுக்கு 15 நிமிடம்' என்றது மேப். சாலை முழுக்க நீலம், தடை எதுவும் இல்லை. தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. மகளின் கண் திரையில் இருந்தது.

``நிறுத்து கண்ணு.''

``மேப்புல க்ளியரா இருக்குதுங்ப்பா.''

``ஆனைக்கு மேப்பு தெரியுமா? லைட்டப் பாரு. நிறுத்து.''

வால்பாறையில் வளர்ந்தவளுக்கு அந்த விளக்கின் அர்த்தம் தெரியாததல்ல. அவள் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரந்த வால்பாறைப் பீடபூமி, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் காடுகளுக்கு நடுவே இருக்கிறது. யானைகளுக்கும் அது வழிதான், நமக்கு முன்பிருந்தே. இங்கே யானை தாக்கி நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவை, அருகில் யானை இருப்பதே தெரியாமல் போய் மாட்டிக்கொண்டதால் நேர்ந்தவை. ஆய்வாளர்கள் கண்ட இந்த உண்மையிலிருந்துதான் தீர்வும் பிறந்தது. இயற்கைப் பாதுகாப்பு நிறுவனமும் வனத்துறையும் தோட்ட நிர்வாகங்களும் உள்ளூர் மக்களும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை வலையை அமைத்தார்கள். யானை நிற்கும் இடம் உள்ளூர் கேபிள் டி.வி-யில் எழுத்தாக ஓடியது. அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி போனது. முக்கியமான இடங்களில் கம்பம் நட்டு, செல்போனில் அழைத்தாலே எரியும் சிவப்பு விளக்குகள் பொருத்தப்பட்டன. யானையைப் பார்த்த உள்ளூர்க்காரரே விளக்கை எரியவிடலாம். இந்தப் பணிக்காக ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015-ல் `விட்லி' விருது கிடைத்தது.

அன்று அவர்கள் ஹாரன் அடிக்கவில்லை. ஹெட்லைட்டை அணைத்துவிட்டுத் தள்ளியே காத்திருந்தார்கள். பின்னால் வந்த ஜீப்பும் நின்றது. மேப் மட்டும் வீடு சேரும் நேரத்தை நிமிடத்துக்கு நிமிடம் தள்ளிவைத்துக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் கழித்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து மூன்று பெரிய யானைகளும் ஒரு குட்டியும் சாலையைக் கடந்து சோலைக்காட்டுக்குள் இறங்கின. குட்டி நடுச்சாலையில் கொஞ்சம் நின்றது. தாய் திரும்பி வந்து அழைத்துப் போனது. விளக்கு அணையும்வரை மகள் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது, பதறிப்போய் வாசலில் நிற்பாள் என்று நினைத்த அம்மா, அமைதியாக உள்ளே இருந்தார். ``புள்ளி நகரவே இல்ல. அப்பறம் ஆனை நிக்குதுன்னு மெசேஜ் வந்துச்சு. சரி, நின்னுட்டுத்தான் வருவீங்கன்னு தோசைக்கல்லக்கூடப் போடல'' என்றார்.

எதை எதனிடம் கேட்பது?

அதன்பிறகும் அந்த வீட்டில் மேப்பை யாரும் தூக்கி எறியவில்லை. கோவையிலிருந்து ஆழியாறு வரை அது பேசும். ஆழியாறு வந்ததும் குரலை அணைத்துவிடுகிறாள் மகள். திரை இருட்டாகி, புள்ளி மட்டும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், டவர் இருக்கும்வரை. வளைவு எண்களை அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறுகிறாள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை, வரையாடு நின்றால் நின்று பார்க்கலாம். பிறகு அட்டகட்டி, கவர்க்கல், ரொட்டிக்கடை... இப்போது அவளிடம் பெயர்கள் இருக்கின்றன.

பழகிய பாதையில் மேப் போடுவது தப்பே இல்லை. கிளம்பும் முன் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டவர் இல்லாத பகுதி எது, அங்கே எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வீட்டில் சொல்லிவிடுங்கள். புள்ளி நின்றால் அவர்கள் பயப்பட மாட்டார்கள். வாரத்தில் ஒரு நாளாவது குரலை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் அடுத்து என்ன ஊர் வரும் என்று கேளுங்கள். நெரிசலையும் நேரத்தையும் மேப்பிடம் கேட்கலாம். முன்னால் நிற்பது யார் என்பதை மட்டும் கண்ணாடிக்கு வெளியே பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.