மூன்று கழகம், ஒரு காவலர்

அணி மாறிய ஆட்டக்காரரைப் பற்றற்றவர் என்று ஏசுவோர் உளர். எம் மாணவர் சிலரும் அவ்வாறு கூறக் கேட்டுள்ளோம். அவர்தம் சிந்தனைக்குப் பந்துக் காவலர் பீட்டர் தங்கராஜின் வாழ்வை முன்வைக்க விழைகிறோம்.

கொல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களும் மூவேறு மக்களின் உள்ளத்தில் வேர்கொண்டவை. 1889இல் தோன்றிய மோகன் பகான் மேற்கு வங்கத்தாரின் பெருமிதம். 1920இல் பிறந்த ஈஸ்ட் பெங்காலை, 1947இல் நாடு பிளவுண்டபின் வீடிழந்து எல்லை கடந்தோர் தம் ஊராகவே கொண்டனர். முகமதன் ஸ்போர்ட்டிங்கோ 1934 முதல் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக்கை வென்று முஸ்லிம்களைத் தலைநிமிரச் செய்தது.

ஐதராபாத்தில் பிறந்து, நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரராய் வளர்ந்த தங்கராஜ், 1960களில் இம்மூன்றுக்கும் காவல் நின்றார். நேற்றைய தோழர் உதைத்த பந்தை இன்று தடுத்தார். அதில் வஞ்சம் ஏது? 1962இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார்.

எம் திருவொற்றியூரும் ஆலை, துறைமுகப் பிழைப்புத் தேடிப் பல மாவட்டத்தார் குடியேறிய ஊரே. எம் முன்னோரும் அவ்வாறு வந்தவரே. பிறந்த ஊரும் புகுந்த ஊரும், மார்க்கமும் மொழியும் எம் நெஞ்சில் ஒருங்கே வாழ்கின்றன. ஆயினும், "நீங்கள் எந்தப் பக்கம்?" என வினவுவோர் உண்டு. அவ்வினா நெஞ்சைச் சுடும்.

மாணவச் செல்வங்களே! பற்று என்பது பிறரைப் பகைப்பதன்று. நின்ற இடத்தில் நேர்மையாய் நிற்பதே. அதற்குத் தங்கராஜ் சான்று.