பழைய மாணவர் செய்திகள்

பழைய பள்ளிக்கூட ஆண்டு மலர் எது கைக்கு வந்தாலும் நான் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கங்களைத்தான். 'பழைய மாணவர் செய்திகள்' அங்கேதான் இருக்கும். இன்னார் ஜில்லா முன்சீப் ஆனார். இன்னார் சீமைக்குப் போய்த் திரும்பினார். பரீட்சையில் தோற்றவன் பெயர் மட்டும் தேடினாலும் கிடைக்காது.

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலை எடுத்துக்கொள்ளுங்கள். 1898-ல் அங்கே சேர்ந்த ஒரு பையன், சுமார் 1,200 பிள்ளைகளை 35 உபாத்தியாயர்களுக்குப் பிரித்து அட்டவணை போடுவதற்குக் கணக்கு வாத்தியாருக்கே கைகொடுத்தான். 1904-ல் அவனுக்குக் கணக்குப் பரிசு கொடுத்த தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், முழு மார்க்குக்கும் மேலே போடத் தகுந்தவன் என்று சபையறியப் பாராட்டினார்.

அப்புறம்? கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதில் மனம் செல்லவில்லை. உபகாரச் சம்பளம் போயிற்று. எப்.ஏ. பரீட்சையில் இரண்டு தடவை தோல்வி. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. மாதம் 30 ரூபாய். இதை எந்த மலரில் போடுவார்கள்?

1918-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினரான ராமானுஜனைச் சொந்தம் கொண்டாட ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவருடைய நோட்டுப் புத்தகங்களில் பெரும்பகுதி, செய்தியாகாத அந்த வருஷங்களில் எழுதியவைதாம்.

மலர் போடுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: "இன்னார் பரீட்சை தேறவில்லை, குமாஸ்தாவாக இருக்கிறார், சௌக்கியம்" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? அவரும் நம் பள்ளிக்கூடத்துப் பையன்தானே!