குடியும் குடியுரிமையும்

நோன்புப் பெருநாள் முடிந்த கிழமையில் டொரொன்டோவிலிருந்து எனது பழைய மாணவன் ஒருவன் பேசினான். சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, வாவியில் இறால் படுகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தான்.

“சேர், உம்மா மௌத்தாகின நேரம் நான் ஊரில எத்தின நாள் நிண்டன் எண்டு உங்களுக்கு ஞாபகம் இரிக்கா?”

கனடாவில் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கிறானாம். விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து வருடங்களில் 1,095 நாட்கள் அந்த நாட்டில் இருந்ததாகக் காட்ட வேண்டும். இடையில் வெளியே போன ஒவ்வொரு பயணத்துக்கும் போன திகதி, திரும்பிய திகதி எழுத வேண்டும். முத்திரைகள் இருந்த பழைய கடவுச்சீட்டு வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. நாளை எண்ணி எண்ணிக் குழம்பிப் போயிருந்தான். “முப்பத்து மூணு நாள் எண்டுதான் போட்டிரிக்கன் சேர். அதுக்கு மேல போனாக் கணக்கு இடிக்கும்.”

அவன் ஜனாஸாவுக்கு வந்து சேரவில்லை. அடக்கி மூன்றாம் நாள்தான் வந்தான். நாற்பதாம் கத்தம் முடிந்த மறுநாள் பாடசாலைக்கு வந்து, உம்மாவின் பேரில் பிள்ளைகளுக்குக் கொப்பிகள் கொடுத்தான். அன்று விருந்தினர் புத்தகத்தில் கையெழுத்து வைத்ததும் எனக்கு நினைவிருந்தது. “பாத்துச் சொல்றன் மகன்” என்றேன்.

அந்தப் புத்தகம் இருக்கும் இரும்பு அலுமாரியின் அடித்தட்டில்தான் எங்கள் பாடசாலையின் பழைய சேர்விடாப்புகளும் இருக்கின்றன. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது நனைந்து, பிறகு வெயிலில் காயவைத்து எடுத்தவை. தாள்கள் வெற்றிலைச் சருகுபோல் நொறுங்கும். அவற்றில் ஒன்றைத் திறக்க எனக்கு எப்போதும் ஒரு தயக்கம். எங்கள் வீட்டுக் கதை ஒன்று அதற்குள் கிடக்கிறது.

மூத்தவாப்பா, அதாவது வாப்பாவின் தகப்பனார், கீழக்கரையில் பிறந்தவர். மட்டக்களப்புக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்கு வந்து, 1937இல் எங்களூரில் மூத்தம்மாவைக் கலியாணம் முடித்தார். அரசாங்கக் கணக்கில் அவர் ‘இந்தியச் சோனகர்’. எங்களூர்க் கணக்கில் அவர் இன்ன வீட்டு மாப்பிள்ளை, அவ்வளவுதான்.

நாடு சுதந்திரமடைந்த பிறகுதான் இந்த இரண்டு கணக்குகளும் மோதிக்கொண்டன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் வழியைத்தான் கேட்டது. மூத்தவாப்பா போன்றவர்களுக்கென்று 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கமாக இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. கலியாணம் முடித்தவரென்றால் 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னர் ஏழு வருடமும், முடிக்காதவரென்றால் பத்து வருடமும் இடையறாது இங்கே வசித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு விண்ணப்பிக்கும் நாள் வரையிலும் இருந்திருக்க வேண்டும். இடையில் ஒரு தடவை போய் நின்ற காலம் பன்னிரண்டு மாதத்தைத் தாண்டினால் தொடர்பு அறுந்துவிடும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5.

இலங்கை இந்திய காங்கிரஸ் இந்தச் சட்டத்தை முதலில் பகிஷ்கரித்தது. அதனால் கடைசி மாதங்களில்தான் விண்ணப்பங்கள் குவிந்தன. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போடப்பட்டு, ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான் கிடைத்தது என்று பிற்காலத்தில் ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போது அறிந்தேன். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் மலையகத் தோட்டத் தொழிலாளர். லயத்து அறையில் பிறந்து லயத்து அறையில் வளர்ந்தவன் தான் அங்கேதான் இருந்தேன் என்று காட்ட, தோட்டத்துரையின் செக்றோலைத்தான் நம்பியிருக்க வேண்டும். அந்தத் துயரத்தைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள், எழுதியும் இருக்கிறார்கள். வாவிக்கரையில் இந்தச் சட்டம் வேறு விதமாக வந்து விழுந்தது. அதைத்தான் நான் சொல்ல முடியும்.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. மகளுக்கு வீடு கட்டி, அவள் பேரில் உறுதி எழுதிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை உடுத்த சாரனோடு வந்து ஏறுவார். சாகும்வரை அது பெண்சாதி வீடுதான். மூத்தவாப்பா விசாரணைக்குப் போனபோது, “நீர் குடியிருக்கும் வீடு யாருடையது?” என்று கேட்டார்களாம். “என்ட பொஞ்சாதிர.” “வாடகைச் சிட்டை உண்டா?” பொண்டாட்டிக்கு யார் வாடகை கொடுக்கிறது? கடையிலோ முதலாளியின் பேரேட்டில் ‘தம்பி’ என்றுதான் பற்று எழுதியிருந்தது. பழைய அரிசிக் கூப்பன் புத்தகங்களை எவரும் எடுத்து வைக்கவில்லை. பதினேழு வருடமாக ஊரெல்லாம் அறிந்த மனிதருக்குத் தன் பேர் எழுதிய ஒரு துண்டுத் தாள் இல்லை.

ஆனாலும் அவருக்கு வினையானது அதுவல்ல. பள்ளிவாசல் மரைக்காரும் விதானையாரும் சாட்சி சொல்ல வந்திருந்தார்கள். வினையானது 1942.

அந்த வருடம் ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அன்றே ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தன. சத்தம் கேட்டு ஊர்ச்சனம் படுவான்கரைக்கு ஓடிய கதையை மூத்தம்மா சொல்லி நான் வளர்ந்தேன். முதலாளி கடையைப் பூட்டிவிட்டு இந்தியாவுக்குப் போனார். கீழக்கரையில் மூத்தவாப்பாவின் தாய் படுக்கையில் கிடப்பதாகவும் சேதி. அவரும் தலைமன்னாரில் கப்பலேறினார். தாயை அடக்கி, கடன் அடைத்து, திரும்பி வந்தபோது மறு வருடம் ஆனி மாதக் கடைசி. பதினான்கு மாதம்.

அக்காலத்தில் இரண்டு நாட்டுக்கும் இடையில் போய் வரக் கடவுச்சீட்டுத் தேவையில்லை. அவரிடம் முத்திரையும் இல்லை, முத்திரை குத்தப் புத்தகமும் இல்லை. அவர் இங்கே இருந்ததற்குத் தாள் இல்லாததுபோலவே இல்லாமல் போனதற்கும் தாள் இல்லை. விசாரணை அதிகாரி, “யுத்த காலத்தில் ஊருக்குப் போனீரா?” என்று கேட்டிருக்கிறார். மரைக்கார் பின்னால் நின்று இருமினாராம். மூத்தவாப்பா மாதத்தை விரல்விட்டு எண்ணிப் பதினான்கு என்று சொல்லியிருக்கிறார்.

விண்ணப்பம் தள்ளுபடியானது. தற்காலிக வதிவிட அனுமதியில் சில காலம் இழுத்தார். அதுவும் புதுப்பிக்கப்படாமல் போக, 1957இல் கீழக்கரைக்குப் போனவர் அங்கேயே மௌத்தானார். வாப்பாவுக்கு அப்போது பதின்மூன்று வயது.

“அந்த மனிசன் பொய் சொல்லத் தெரியாமப் போய்ட்டார்” என்பார் மூத்தம்மா. அவர் அதைப் பெருமையாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு நாள் ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும் சொல்வார். வாப்பா மட்டும் எப்போதும் ஒரே மாதிரித்தான்: “பத்து எண்டு சொல்லியிருந்தா என்னயாம்?”

வாப்பா அப்படிக் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்களூரில் குடி தாய் வழியில் வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்கார். கலியாணத்துக்கும் மையித்துக்கும் குடியைக் கேட்டுத்தான் காரியம். இந்த மண்ணில் பிறந்த, தாயும் தாயின் தாயும் இந்த மண்ணில் பிறந்த வாப்பாவுக்குக் குடி இருந்தது, குடியுரிமை இல்லை. தகப்பன் கீழக்கரையில் பிறந்தவர் என்பதால் அவர் எந்த நாட்டுக்கும் பிள்ளையில்லை. வாக்கு இல்லை, அரசாங்க வேலையும் இல்லை. (தாய் வழியாகவும் குடியுரிமை கடத்தலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது 2003இல். மூத்தம்மா அதற்கு முன்பே போய்விட்டார்.)

ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு சின்னக் கதவு இருந்தது. தாய் இந்நாட்டுப் பரம்பரைப் பிரஜையாக இருந்தால், பிள்ளை வயதுக்கு வந்த பின் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். கலியாணம் முடிக்காதவர் விண்ணப்பத்துக்கு முந்திய பத்து வருடம் இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். 1966இல், இருபத்திரண்டு வயதில், வாப்பா விண்ணப்பித்தார். 1961க்குப் பிறகு ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதினார். அங்கே சம்பளக் கொப்பி இருந்தது. அதற்கு முந்தியதற்குப் பாடசாலை அதிபர் ஒரு கடிதம் கொடுத்தார். இன்னார் 1950ஆம் ஆண்டு தொடக்கம் 1961 வரை இப்பாடசாலையில் தொடர்ச்சியாகக் கல்வி கற்றார் என்று. அந்தக் கடிதத்தின் பிரதி எங்கள் வீட்டில் இருக்கிறது. நல்ல கையெழுத்து. 1968இல் வாப்பா பிரஜையானார். அதனால்தான் நானும் பிறப்பிலேயே பிரஜை. அதனால்தான் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். அதனால்தான் இந்த அலுமாரியின் சாவி என் கையில்.

இந்தப் பாடசாலைக்கு இடமாற்றம் கிடைத்து வந்த முதல் வருடம், ஆசையில் வாப்பாவின் பேரைத் தேடினேன். கண்டேன். சேர்ந்த திகதி, தகப்பன் பேர், தொழில் எல்லாம் சரி. கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில்: விலகியது 1958 தை. காரணம்: குடும்பக் கஷ்டம்.

மூன்று வருடம் பொய்.

அன்று பின்னேரம் வாப்பாவிடம் கேட்டேன். அவர் கொஞ்சம்கூடத் திடுக்கிடவில்லை. அந்த மூன்று வருடமும் மண்முனைத் துறையில் பாதையேறிப் போய்ப் படுவான்கரையில் மாடு பார்த்தாராம். வயலில் காவல் கிடந்தாராம். மாரியில் வாவியில் வலை இழுத்தாராம். “பாதையில ஏறுறவன்ட பேர ஆருடா எழுதி வெச்ச? மாட்டுக்கிட்டயா கடிதம் வாங்கிற? ஹெட்மாஸ்டர் கேட்டார், ‘நீ ஊரிலதானே இருந்த?’ எண்டு. ஓம் எண்டன். எழுதித் தந்தார்.”

அந்த அதிபர் எழுதியது பொய். அதைக் காட்டி நிரூபித்தது உண்மை. மூத்தவாப்பா சொன்னது முழு உண்மை. ஆனால் அவரது வீடும் பெண்சாதியும் பிள்ளையும் அந்தப் பதினான்கு மாதமும் இங்கேதான் இருந்தன என்ற உண்மை அந்தப் பதிலுக்குள் வரவே இல்லை. இந்த இரண்டையும் நான் பல வருடமாகத் தராசில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு நாளும் முள் நடுவில் நிற்பதில்லை.

ஒவ்வொரு வருடமும் முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நேர்முகத்தில் நானும் உட்காருகிறேன். வாக்காளர் இடாப்பு, உறுதி, மின்சாரப் பட்டியல் என்று பார்த்துப் புள்ளி போடுகிறோம். 1990இல் படுவான்கரையிலிருந்து உடுத்த உடுப்போடு ஓடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள். மாமியின் வீட்டில் ஒதுங்கியிருக்கும் ஒரு தாய் சென்ற வருடம் வந்தார்; அவர் பேரில் ஒன்றுமில்லை. வெறும் பையைத் திறந்து காட்டிவிட்டு, “இஞ்சதான் சேர் இரிக்கம்” என்றார். எனக்கு அவர் வீடு தெரியும். தினமும் அந்த வேலியோரமாகத்தான் சைக்கிளில் வருகிறேன். என் பேனை கொஞ்ச நேரம் தாளில் படாமல் நின்றது. பிறகு சுற்றறிக்கையில் உள்ளபடியே புள்ளி போட்டேன். முடிந்ததும் கிராம சேவகரிடம் நானே நடந்து போய் அவருக்கு வதிவிடச் சான்று எடுத்துக் கொடுத்தேன். பிள்ளை மேன்முறையீட்டில் சேர்ந்தது. அந்த அதிபராக இருந்திருந்தால் ஒரே நாளில் முடித்திருப்பார்.

விருந்தினர் புத்தகம் கிடைத்தது. கத்தத்துக்கு மறுநாள் திகதியிட்டு, ‘நாளை மறுநாள் பயணம், துஆச் செய்யுங்கள்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறான். மூன்றாம் நாள் வந்தவன், நாற்பத்து மூன்றாம் நாள் போயிருக்கிறான். அன்றிரவே அவனை அழைத்தேன்.

“நாப்பத்தொரு நாள் மகன்.”

மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அப்ப எட்டு நாள் குறையுது சேர்.”

அவன் என்ன கேட்கப் போகிறான் என்று எனக்கு நெஞ்சு அடித்தது. அவன் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன், எட்டு நாள் பொறுத்து அனுப்பினால் என்ன என்று. அங்கே அப்படிச் செய்யலாமாம். பொறுக்கப் பொறுக்க நாள் கூடுமாம். மூத்தவாப்பாவிடம் கேட்டது முடிந்துபோன ஏழு வருடத்தை. அதில் ஒரு நாளைக்கூட எவரும் பிறகு கூட்ட முடியாது.

“ஒரு மாசமே பொறுத்து அனுப்புறன் சேர்” என்றான். பிறகு, “போனதுக்குக் காரணம் எழுதச் சொல்லி ஒரு இடம் இரிக்கு. விடுமுறை எண்டு போடவா?” என்று கேட்டான்.

“உம்மா மௌத்து எண்டு போடு” என்றேன்.