குண்டானும் வாஷரும்

வாலாஜாபாத்தில் இருக்கும் என் அத்தை வீட்டுக்கு நான் போனது குழாய் ரிப்பேர் செய்வதற்காக அல்ல. அத்தையைச் சென்னைக்கு அழைத்து வந்துவிட வேண்டும், வீட்டை விற்றுவிட வேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டுதான் செங்கல்பட்டில் ரயில் மாறினேன்.

பட்டுப் புடவை வாங்கக் காஞ்சிபுரம் போகிறவர்கள் அந்த வழியில் வாலாஜாபாத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். ஆனால் இறங்குகிறவர்கள் குறைவு. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரும், பாலாற்றங்கரை என்ற விலாசமும் ஊருக்கு உண்டு. ஆற்றில் தண்ணீர்தான் அபூர்வம். 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடிற்று. மற்றபடி பெரும்பாலும் மணல்தான்.

இரவு இரண்டு மணிக்குச் சமையலறையில் விளக்கு எரிந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். பாத்திரம் தேய்க்கும் ஸிங்கின் அடியிலிருந்து நிரம்பிய குண்டானை இழுத்துக்கொண்டிருந்தாள், எண்பது வயதான என் அத்தை. மேலே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் பித்தளை வளைகுழாயின் மூட்டு கசிந்துகொண்டிருந்தது.

"எத்தனை நாளா அத்தை இப்படி?"

"இப்பத்தான்... ரெண்டு வருஷம் இருக்கும். கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திடறேன். நீ போய்ப் படுடா."

எனக்கு உள்ளூரச் சந்தோஷம் என்றால் நம்புவீர்களா? வீட்டை விற்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா? காலையில் கடைக்காரரும் என் பக்கமே பேசினார். "பழைய பித்தளை சார், எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டுப் பிளாஸ்டிக் மாட்டிடுங்க" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "தேஞ்சது எதுவோ அதை மாத்து."

பௌதிகம் படித்தவன் என்ற தைரியத்தில் நானே ரெஞ்சை எடுத்தேன். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் வால்வை மூட வேண்டும் என்பது பௌதிகப் புத்தகத்தில் இல்லை. குழாயின் தலையைத் திருகியதும் எனக்கு நல்ல ஸ்நானம் ஆயிற்று. வால்வை மூடிவிட்டு வந்து பார்த்தால், உள்ளே இருந்த வாஷர் பாதி தேய்ந்து, நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. அடியிலிருந்த ரப்பர் வளையமோ காய்ந்த வடாம் மாதிரி கையிலேயே ஒடிந்தது. பித்தளைக்கு ஒரு குறையும் இல்லை. புளியைப் போட்டுத் தேய்த்ததும் மின்னிற்று.

அந்த வளைகுழாய் ஓர் அருமையான யுக்தி. வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கிக் கதவு மாதிரி அடைத்து நிற்கும். சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வராது. 1775-ல் லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்ஸாண்டர் கம்மிங் என்பவர் இப்படிப்பட்ட வளைவைக் கழிப்பறைக்கு வைத்துப் பதிவு உரிமை வாங்கினார். அதில் ஒரு விஷயம் உண்டு: ஆள் புழங்காமல் வீட்டைப் பூட்டி வைத்தால் அந்தத் தண்ணீர் வற்றிப்போகும், கதவு திறந்துவிடும்.

புது வளையங்களைப் போட்டு, மரையைக் கையால் திருகி, ரெஞ்சால் கால் சுற்று மட்டும் முறுக்கினேன். அதற்கு மேல் முறுக்கினால் ரப்பர் நசுங்கிப் போகும். ஸிங்க் நிறையத் தண்ணீர் பிடித்து ஒரேயடியாகத் திறந்துவிட்டேன். அடியில் விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. செலவு, ஒரு நல்ல டிபனுக்கு ஆகிறதைவிடக் குறைவு.

"ரெண்டு வருஷமா ஏன் அத்தை சொல்லலை? வாரா வாரம் போன் பண்றேனே!"

அத்தை ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "குழாய் ஒழுகறதுன்னா, வீடே ஒழுகறதும்பே. முட்டி வலிக்கறதுன்னா, தனியா இருக்காதேம்பே. எதைடா உங்கிட்டச் சொல்றது?"

நான் பதில் சொல்லவில்லை. சட்டைப் பையில் வீட்டுத் தரகர் எழுதிக் கொடுத்த சீட்டு நனைந்து கிடந்தது. அது நனைந்தது ஒரு சௌகரியமாகப் போயிற்று.

மாலை ரயிலுக்குப் புறப்படும்போது சமையலறையை எட்டிப் பார்த்தேன். காய்ந்த குண்டான் மறுபடியும் ஸிங்கின் அடியில் அதே இடத்தில் இருந்தது.

"அதுதான் ஒழுகலையே அத்தை?"

"இருக்கட்டும்டா. உன் ரிப்பேர்தானே!"

வாசல் வரை வந்தவள், கொஞ்சம் தயங்கிவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "கொல்லைக் கதவுக் கீல்கூட ஆடறது. அடுத்த தடவை வரப்போ பாரு."