ஆறாவது பல்

பல் வைத்தியக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் தங்கை மகள், சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த நாட்களில், பிற்பகல் தோறும் திண்ணையில் அமர்ந்து, விரல் நீள மெழுகுக் கட்டி ஒன்றைச் சிறு கத்தியால் செதுக்கிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் வெள்ளைத் துணியின்மேல், எவர் வாயிலிருந்தோ பிடுங்கிச் சுத்தி செய்த பல் ஒன்று மாதிரிக்காக வைக்கப்பட்டிருக்கும். மேல்தாடையின் முதற் கடைவாய்ப் பல் அது. ஒருநாள் அதைக் கையிலெடுத்துப் பார்த்தேன். பார்த்த பின்பு கீழே வைக்க மனம் வரவில்லை.

பல் என்றால் வெள்ளையாக ஒரு துண்டு என்றே அதுவரை நினைத்திருந்த எனக்கு, உள்ளங்கையில் கிடந்த அந்தச் சிறு பொருளில் மலையும் பள்ளமும் வரப்பும் வாய்க்காலும் அமைந்திருந்தது பெரும் ஆச்சரியமாயிற்று. அதன் தலையில் முகடுகள் நான்கு; கன்னத்தின் பக்கம் இரண்டு, அண்ணத்தின் பக்கம் இரண்டு. அண்ணத்தை அடுத்த முன்முகடு எல்லாவற்றினும் பெரியது; அதன் பின்னுள்ளது எல்லாவற்றினும் சிறியது. அந்தப் பெரிய முகட்டிலிருந்து கன்னப் பக்கத்துப் பின்முகடு வரையில், வயலின் குறுக்கே மூலைவாட்டாகப் போட்ட வரப்பைப் போல ஒரு மேடு ஓடுகிறது. கீழ்த்தாடைப் பற்களில் இந்த வரப்பு கிடையாது. “கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவினாலே மேற்பல் என்று சொல்லிவிடலாம், மாமா” என்றாள் அவள். பெரிய முகட்டின் விலாவில், அண்ணத்தை நோக்கி, சிலருக்கு ஐந்தாவதாக ஒரு சிறு புடைப்பும் இருப்பதுண்டாம். வியன்னாவில் அரண்மனைப் பல் வைத்தியராயிருந்த கராபெல்லி என்பவர் 1842-இல் அதை வர்ணித்தமையால், இன்றளவும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

இத்தனை முகடுகளும் அலங்காரத்திற்கு ஏற்பட்டவை அல்ல. வாயை மூடும்போது அண்ணப் பக்கத்துப் பெருமுகடு, தனக்கு நேரே கீழேயுள்ள பல்லின் நடுக்குழியில், ஆட்டுக்கல்லின் குழியில் குழவி இறங்குவதுபோல் இறங்கி அமர்கிறது. நாம் உண்ணும் ஒவ்வொரு கவளமும் இவ்விரண்டுக்கும் நடுவில்தான் அரைபடுகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காகவே இப்பல்லுக்கு மூன்று வேர்கள். கன்னத்தின் பக்கம் இரண்டும், எல்லாவற்றினும் நீண்டதாக அண்ணத்தின் பக்கம் ஒன்றுமாக, முக்காலியின் கால்களைப் போல அகல விரிந்து எலும்பைப் பற்றி நிற்கின்றன. அவ்வேர்களின் நுனிக்குச் சற்று மேலே, மெல்லிய எலும்புத் தகட்டுக்கு அப்பால், 1651-இல் ஹைமோர் என்னும் ஆங்கில வைத்தியர் விவரித்த காற்றறை இருக்கிறது. பீனிசத்தால் அவ்வறை வீங்கும்போது குற்றமற்ற கடைவாய்ப் பல் வலிப்பதாகத் தோன்றுவது இந்த அண்டைவாசத்தினால்தான்.

இரண்டாவது கடைவாய்ப் பல் பன்னிரண்டு வயதை ஒட்டி வருவது. அமைப்பில் முதலாவதை ஒத்ததே எனினும் உருவில் சிறியது, வேர்களும் நெருங்கியவை. மூன்றாவதாகிய ஞானப்பல்லுக்கு ஒரு நியதியே இல்லை. சிலருக்கு அது முளைப்பதுமில்லை. நான் சொல்ல வந்தது முதற்பல்லைப் பற்றி.

அது எப்போது முளைக்கும் என்று கேட்டேன். “ஆறு வயதில், மாமா. பால்பல் எதுவும் விழுந்து அந்த இடத்தில் வருவதில்லை. கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் தானாக வரும். அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை” என்று, செதுக்குவதை நிறுத்தாமலே அவள் சொன்னபோது, நான் சிறிது நேரம் பேசாதிருந்தேன்.

எனக்கு எட்டு வயதில் மேல்தாடையில் வலப்பக்கத்துக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாயிற்று. அம்மா பஞ்சில் கிராம்புத் தைலம் நனைத்து வைத்து, இரவெல்லாம் என் கன்னத்தைத் தன் கையில் தாங்கிக்கொண்டிருந்தாள். “பால்பல்தானே, விழுந்து முளைக்கும்” என்று ஆறுதலும் சொன்னாள். நான்கு பிள்ளைகளின் பற்கள் விழுந்து முளைத்ததைக் கண்கூடாகக் கண்டவள் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? பதினோராம் வயதில் அது பிடுங்கப்பட்டது. பிடுங்கியவரும் அது மீண்டும் வராத பல் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கண்ணாடியின் முன்னே வாயைத் திறந்து, அது முளைத்துவிட்டதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. முளைத்தது ஒன்றுமில்லை, பின்னிருந்த பல் வெற்றிடத்தை நோக்கி முன்னே சாய்ந்தது, கீழே துணையிழந்த பல், முட்டுவதற்கு ஒன்றுமின்மையால், நாளடைவில் மேலே எழும்பிவிட்டது. ஐம்பது ஆண்டுகளாக நான் இடப்பக்கத்திலேயே மென்று வருகிறேன்.

குழந்தை பிறக்கும் தறுவாயிலேயே இப்பல்லின் முகடுகள் தாடைக்குள் கெட்டிப்படத் தொடங்கிவிடுகின்றன என்றும், மூன்று வயதுக்குள் தலை முழுதும் உருவாகி, வேர்கள் ஒன்பது பத்து வயதில்தான் நிறைவு பெறுகின்றன என்றும் அவள் பிறகு விளக்கினாள். அம்மா தைலப் பஞ்சு வைத்த அந்த எட்டாம் வயதில் என் பல்லுக்கு வேர்கூட முற்றியிருக்கவில்லை.

ஆறு வயது நிரம்பிய குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், இன்றிரவே விளக்கருகில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். முன்வரிசையின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டே போங்கள். பால்பற்கள் ஐந்தோடு முடிந்துவிடும். ஆறாவதாக ஒரு பல் தலைகாட்டியிருந்தால், அது விழுந்து முளைப்பதன்று.