தண்ணீர் செய்யும் வேலை

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது, சுடுவதும் கிடையாது. கண்ணாடி, இரும்புச் சட்டம், பூ அச்சு, சிமெண்டு, ஆக்சைடு நிறம், உள்ளூர் மணல், தண்ணீர். பட்டறையின் மூலதனம் இவ்வளவுதான், மற்றதெல்லாம் கைவேலை.

திசுப் பொறியியலுக்காகப் பாலிமரில் செல்கள் பற்றி வளர நுண்துளைச் சாரம் வார்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். எதையாவது அச்சில் ஊற்றுவதைக் கண்டால் நின்றுவிடுவேன்.

பட்டறையில் குந்தி உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவர் கண்ணாடியைத் துடைத்து, சட்டத்தை வைத்து, அதற்குள் அச்சை இறக்கினார். வெள்ளைச் சிமெண்டில் ஆக்சைடு நிறம் கலந்த குழம்பைக் கரண்டியால் மொண்டு, அறை அறையாக ஊற்றினார். பிறகு அச்சை நேராக மேலே தூக்கினார். கை இம்மி சாய்ந்தாலும் சிவப்பு பச்சைக்குள் போய்விடும். நிறத்தின்மேல் உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவினார்.

"இது எதுக்குண்ணே?"

"ஈரத்த இழுக்கத்தான் தம்பி. இல்லேன்னா கலரு நிக்காது."

தூளின் சின்னஞ்சிறு இடுக்குகள் ஈரத்தை உறிஞ்ச, நிறம் நின்ற இடத்திலேயே கெட்டிப்படுகிறது. அடுத்து ஈரக் கலவையைக் கொட்டி, கரணையால் அழுத்தி மட்டம் தட்டினார். அவர் விரல் நுனிகள் சிமெண்டுக் காரத்தில் தோலுரிந்து வெளுத்திருந்தன. கையுறை போட்டால் அச்சு அசைவது தெரியாது என்றார்.

ஒருநாள் இறுகியபின் கல் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறது. சில நாள் ஊறி, வெயிலில் காய்ந்ததும் கண்ணாடி தானே விட்டுக்கொடுக்கிறது. பாலிஷ் போடாமலே கல்லுக்கு வரும் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்ததுதான். சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. அந்த வினையில் உண்டாகும் புதுப் பொருள் கல்லுக்குள் இருக்கும் இடுக்குகளை மெல்ல அடைக்கிறது.

ஆய்வகத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். பாலிகேப்ரோலேக்டோன் போன்ற பாலிமரைக் குளோரோஃபார்மில் கரைத்து, சலித்த உப்பைக் கலந்து அச்சில் ஊற்றுவோம். குளோரோஃபார்ம் ஆவியானபின் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பு கரைந்து வெளியேறும். அது இருந்த இடம் துளையாக நிற்கும். உப்புப் பரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் துளைகள் ஒன்றோடொன்று இணையும். எலும்பு வளரத் துளை 100 மைக்ரோமீட்டராவது இருக்க வேண்டும். ரத்தக் குழாய்களும் நுழைய 300 இருந்தால் நல்லது. ஊறும் நேரத்தைக் குறைத்தால் நடுவில் உப்பு தங்கி, செல்களைக் கொல்லும்.

இங்கே தண்ணீர் துளையை அடைக்கிறது, அங்கே திறக்கிறது. இரண்டு இடத்திலும் அதை அவசரப்படுத்த முடியாது.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு ஆத்தங்குடிக்கு ஓடாதீர்கள். முன்கூட்டியே சொல்லி, கல்லுக்குத் தொட்டியில் ஊற நாள் கொடுங்கள். பதித்தபின் ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள், அது சிமெண்டை அரித்துவிடும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். நடக்க நடக்க மெருகு ஏறும்.